கருவாட்டு மருந்து

கருவாட்டு மருந்து என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். கேனின் மேல் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் அச்சடித்திருந்தது. அதைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் கம்பெனியில் இரண்டே பேர். அதில் நானும் ஒருத்தி என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மூடியைத் திறந்தால் மழையில் நனைந்த கருவாட்டு மூட்டை மாதிரி வீச்சம் அடிக்கும். முதல் கேன் வந்த அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது ஒட்டு மருந்தா, கருவாட்டு மருந்தா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது.

அது தொண்ணூற்றி ஏழாம் வருடம். எனக்கு இருபத்து நாலு வயது. போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, காரமடை தாண்டி இருந்த எங்கள் தார் பிளான்ட்டுக்குப் போவேன். தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் லேப். பரிசோதனைக்கு நானும், எனக்கு மேல் ஞானாபரணம் சாரும். ஒரு பொம்பளைப் பிள்ளையை வேலைக்கு எடுத்ததே அந்தக் கம்பெனியில் அதுதான் முதல் தடவை. ஒதுங்குவதற்கு இடம் இல்லை என்று நான் சண்டை போட்ட பிறகுதான் ஒரு கக்கூஸ் கட்டினார்கள்.

மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர் சாலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. அங்கே பக்கத்துக் குவாரியில் எடுத்த கல்லில் பாதி வெங்கச்சங்கல். வெள்ளையாக, வழுவழுவென்று இருக்கும். தாரைப் பூசினால் பளபளவென்று கறுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்தக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் ஆசை. மழைநீர் உள்ளே இறங்கிவிட்டால் தாரை உதறிவிட்டுத் தண்ணீரைக் கட்டிக்கொள்ளும். அப்புறம் சாலை அடியிலிருந்தே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து. நான்கு டன் தார் கொதிக்கும் தொட்டிக்கு இருபது கிலோ கேன் ஒன்று. அவ்வளவு ஊற்றிவிட்டால் எந்த மழைக்கும் கல் தாரை விடாது.

ஊற்றுகிறவர் சின்னான். தார் காய்ச்சும் பாய்லர் ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா காலம் வரைக்கும் தோட்டத்துப் பண்ணையாள் வேலை. இவர்தான் முதன்முதலில் ரோட்டு வேலைக்கு வந்தவர். முன்கை முழுக்கத் தார் தெறித்த தழும்பு. சனிக்கிழமை கூலி வாங்கினால் குடிப்பார். திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அடுப்பு மூட்டுவார். அவருக்குக் கீழே மூன்று ஆட்கள், எல்லோரும் ஒரே தெரு.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மூவரில் ஒருவர், இந்த மருந்தை எதில் செய்கிறார்கள் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஞானாபரணம் சாரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் படித்தவள் அல்லவா? கேனோடு வந்த தாளில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு வந்து, "மாட்டுக் கொழுப்புல இருந்து எடுக்கறாங்கண்ணா" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னான் மட்டும் தூக்குப்போசிச் சோற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதம் சின்னான் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பூச்சாட்டினார்கள். அவர்கள் தெருவிலேயே புதிதாகக் கட்டிய கோயில். அந்தக் கோயிலுக்கு அது முதல் நோம்பி. தனியாக எதற்குக் கோயில் என்று மேலத் தெருக்காரர்கள் கிண்டலும் வம்புமாக இருந்ததை மீறி, ஆளுக்கு ஒரு மாதக் கூலியைக் கொடுத்துக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் பதினைந்து நாள் விரதம். கறி, மீன், குடி எதுவும் கூடாது. வீட்டில் கவிச்சி வாசம்கூட வரக்கூடாது.

காப்புக் கட்டிய மறுநாள் சின்னான் லேப் வாசலில் வந்து நின்றார். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிறு ஒரு கணம் கண்ணில் பட்டது. உச்சி வெயில். நாற்பது டிகிரித் தண்ணீரில் தார் பூசிய கல்லைப் போட்டு இருபத்து நாலு மணி நேரம் வைத்திருக்கும் சோதனையில் கரண்ட் போய், நான் எரிச்சலில் இருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, ஒரு சந்தேகமுங்க. அந்தக் கருவாட்டு மருந்துல நெசமாலுமே மாட்டுக் கொழுப்புத்தானுங்களா?"

"ஆமாங்கண்ணா. தாள்ல போட்டிருக்குது."

"காப்புக் கட்டியிருக்கறமுங்க. மூடியத் தொறந்தா மேலெல்லாம் தெறிக்குது. துணியில வாசம் போக மாட்டீங்குது. ஒரு பதினஞ்சு நாளைக்கு ஊத்தாம இருந்தா ரோட்டுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?"

தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். "மழை பேஞ்சாத்தான் அதுக்கு வேலை. இந்த வெயில்ல ஊத்துனா என்ன, ஊத்தாட்டி என்ன? போய் வேலையைப் பாருங்கண்ணா."

"செரிங்க அம்மணி" என்று போய்விட்டார்.

எனக்கும் அது தவக்காலம். சாம்பல் புதனிலிருந்து நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது. பக்கத்து வீட்டில் மத்தி மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துகிறவள் நான். அவர் என்ன கேட்கிறார் என்று உலகத்திலேயே எனக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. கரண்ட் வந்ததும் அவர் வந்து போனதே மறந்துவிட்டது.

வேலை நடந்தது. தினமும் நான் சோதனை எழுதினேன். முறைப்படி பார்த்தால் சாலைக்குப் போகும் கலவையிலிருந்து கல்லை எடுத்து வந்துதான் தண்ணீரில் போட வேண்டும். லாரியின் மேலே ஏறிச் சூடான கலவையை அள்ளிக்கொண்டு வருவதற்குச் சோம்பல். குவாரிக் கல்லையும் டிரம் தாரையும் எடுத்து, என் மேஜை மேல் இருந்த பாட்டிலிலிருந்து மருந்தைச் சொட்டவிட்டு லேப்பிலேயே கலந்துகொள்வேன். கண்ணால் பார்த்து, எவ்வளவு கல் வெளுத்திருக்கிறது என்று சதவீதம் போடும் சோதனை. இரண்டு சதவீதம், ஒன்று, இரண்டு. கீழே என் கையெழுத்து. ஞானாபரணம் சாரும் அப்படித்தான் செய்வார். அவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சென்னகிருஷ்ணன் என்ற பால்காரர், இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய டி.வி.எஸ். வண்டியோடு ஒரு குழியில் இறங்கி விழுந்தார். பின்னால் வந்த காய்கறி வேன் பிரேக் பிடித்தும் உதிரிக் கல்லில் சறுக்கி அவர் மேல் ஏறிவிட்டது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இனி வண்டி ஓட்ட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அரசு அதிகாரி ஜீப்பில் வந்தார். ஞானாபரணம் சாரும் நானும் போனோம். முதல் இரண்டு கிலோமீட்டர் கண்ணாடி மாதிரி இருந்தது. கடைசி இரண்டும் அப்படியே. நடுவில் இருந்த இரண்டு கிலோமீட்டர் மட்டும் சாலையாகவே இல்லை. அதிகாரி ஷூ முனையால் ஒரு கல்லைத் தள்ளினார். துளித் தார் இல்லாமல் வெள்ளையாக உருண்டது.

"என்ன சார், கல்லு குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்குது?" என்று ஞானாபரணம் சாரைப் பார்த்துக் கேட்டார். "பால்காரர் வீட்டுல போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. இது யாரு தப்புன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு எழுத்துல வேணும்."

நடுவிலிருந்து நான்கு கட்டி, கடைசிப் பகுதியிலிருந்து நான்கு கட்டி எடுத்துக்கொண்டு லேப்புக்கு வந்தேன். ஸ்டவ்வில் சூடு காட்டினேன். நடுப் பகுதிக் கட்டி இளகியபோது தார் வாசம் மட்டும் வந்தது. கடைசிப் பகுதிக் கட்டியைச் சூடு காட்டியதும் குமட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். அந்தக் கருவாட்டு வீச்சம் எப்போதையும்விட இரண்டு மடங்கு இருந்தது.

ஏன் இப்படி என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. நடுப் பகுதி போட்ட தேதிகளை என் நோட்டில் தேடினேன். மார்ச் பத்திலிருந்து இருபத்து நாலு. ரோலர் பழுதாகிக் கிடந்த நாட்கள் போக, எட்டு நாள் வேலை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்த மஞ்சள் கயிறு ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து வெளியே போனேன்.

சின்னான் பாய்லருக்குக் கீழே சாம்பல் வாரிக்கொண்டிருந்தார். கேட்டேன். மறைக்கவே இல்லை.

"ஆமாங்க அம்மணி. அந்த எட்டு நாளும் ஊத்தலீங்க. நீங்கதானுங்க வெயில்ல வேண்டீதில்லைன்னு சொன்னீங்க."

"கேன் எல்லாம் என்னாச்சுங்கண்ணா? ஸ்டோருக்கு எல்லாக் காலிக் கேனும் திரும்பி வந்திருக்குதே?"

"ஜல்லித் தூளுக்குள்ள பொதைச்சு வெச்சிருந்தமுங்க. நோம்பி முடிஞ்சு காப்பு அவுத்த பொறவு, தொட்டிக்கு ரெண்டு கேனா எட்டு நாளைக்கு ஊத்திப்போட்டனுங்க. விட்டதையெல்லாம் சேத்து ஊத்தியாச்சு. ஒரு சொட்டு கொறைக்கலீங்க." அவர் முகத்தில் குற்றம் செய்த கலக்கம் இல்லை. நேர்ந்துகொண்டதைத் தாமதமாகவாவது செலுத்தியவரின் நிம்மதிதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "ஏனுங்க, அப்படி ஊத்துனா ஆகாதுங்களா?"

ஆகாது என்று சொன்னேன். ஒவ்வொரு தொட்டித் தாருக்கும் அதற்கு உண்டானதை ஊற்ற வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளக்கினேன், ஏழு மாதம் கழித்து. சாம்பல் கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"பால்காரருக்குக் காலு போனது இதனாலயாங்க?"

கூடையிலிருந்து சிதறிய சாம்பலைக் காலால் தள்ளினேன்.

அவரே மேலே பேசினார். "நோம்பிக்காக ஊத்தலைன்னு ஆருக்கும் தெரிய வேண்டாமுங்க அம்மணி. கோயிலுக்கு மொத நோம்பி. உங்க சாமி வந்துதான் ரோடு பேந்துச்சுன்னு மேலத் தெருவுல ஆயுசுக்கும் சொல்லுவாங்க. என்ற மேல என்ன வேணா எழுதிக்கட்டும்." எழுந்து கூடையை எடுத்தார். "நீங்க சொன்னதையும் நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. பொம்பளப் புள்ள. உத்தியோகம் போயிருச்சுன்னா சங்கட்டமுங்க."

நான் கேட்காமலேயே அந்த வாக்கை அவர் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, சொல்ல நாக்கூசுகிறது, நிம்மதியாகவும் இருந்தது.

ஞானாபரணம் சாரிடம் பாதி மட்டும் சொன்னேன். "நடு ரெண்டு கிலோமீட்டர்ல மருந்து விழலை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விழுந்திருக்குன்னு உன் ரிப்போர்ட் சொல்லுதேம்மா. எட்டு நாளும் ரெண்டு சதவீதம். கையெழுத்து போட்டிருக்கே. அது தப்புன்னா, லேப்லயே கலந்து சோதனை பண்ணினோம்னு ஆயிடும். நீயும் போவே, நானும் போவேன். உனக்கப்புறம் இந்தக் கம்பெனியில இன்னொரு பெண் பிள்ளையை வாசல் மிதிக்க விடமாட்டாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கல்லும் சரி, மருந்தும் சரி. தார் கருகியிருக்கு. அளவுக்கு மேல காய்ச்சினா தார் செத்துப்போகும், எதுலயும் ஒட்டாது. அப்படித்தான் நடந்திருக்கணும். சின்னான் குடிக்கிற ஆள்னு எல்லாருக்கும் தெரியும்."

சட்டென்று எதையாவது சொல்லிவிடுகிற என் வாய், அன்றைக்குக் கருங்கல் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கோயம்புத்தூரில் அதிகாரியின் அலுவலகம். பெரிய மேஜை, அதன் மேல் கண்ணாடி. அதிகாரி, ஞானாபரணம் சார், நான். சின்னான் வெளுத்த வெள்ளைச் சட்டையில், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. டைப் அடித்த தாள் ஒன்று மேஜை மேல் இருந்தது. ஆங்கிலத்தில்.

"விமலா, அவருக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லும்மா. அப்புறம் கையெழுத்து வாங்கிக்கலாம்" என்றார் ஞானாபரணம் சார்.

ஆங்கிலம் தெரிந்த திமிருக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது. தாளை எடுத்தேன். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன்.

"மார்ச் மாதம் பத்தாம் தேதி முதல் இருபத்து நாலாம் தேதி வரை பாய்லர் என் பொறுப்பில் இருந்தது."

"ஆமாங்க" என்றார் சின்னான்.

"அந்த நாட்களில் தாரை அளவுக்கு மேல் காய்ச்சிக் கருக்கிவிட்டேன்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "செரிங்க."

"இதனால் சாலை கெட்டு விபத்து நடந்ததற்கு நானே பொறுப்பு."

"செரிங்க."

"அந்த நாட்களில் வேலை நேரத்தில் நான் குடித்திருந்தேன்."

சின்னான் தலையை ஆட்டவில்லை.

"அது மட்டும் வேண்டாமுங்க" என்றார்.

அதிகாரிக்கு எரிச்சல். "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க. இதுல என்ன இருக்குது?"

"மத்ததெல்லாம் இருக்கட்டுமுங்க சார். கேஸுக்கு வரச் சொன்னாலும் வாரனுங்க. குடிக்கறவன்தானுங்க நானு, இல்லீங்கல. ஆனா அந்தப் பதினஞ்சு நாளு தொடலீங்க. காப்புக் கட்டியிருந்தனுங்க." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "அம்மணிக்குத் தெரியுமுங்க. கயித்தோட வந்து நின்னப்பப் பாத்தாங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு சாட்சி மட்டும் கேட்டார். குடிக்கவில்லை என்று சொல்ல, இந்த ஊரில் அவருக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை.

"ஆமாங்க சார்" என்றேன். "கட்டியிருந்தார். நான் பார்த்தேன். லேப்புக்கு வந்தார்."

அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. எதற்கு வந்தார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன். மூன்றே வரி. அதைச் சொன்னால் தார் கருகவில்லை, அவர் தப்பு செய்யவில்லை, பால்காரர் காலுக்கு அவர் பெயரில் வழக்கு இல்லை.

ஞானாபரணம் சார் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"லேப்புக்கு வந்தார், சரி. வேற ஏதாவது இருக்குதா?" என்றார் அதிகாரி.

"அவ்வளவுதான் சார்" என்றேன்.

அந்த வரியை அடித்துவிடச் சொன்னார் அதிகாரி. ஸ்கேல் வைத்து நானே அடித்தேன். ஓரத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டேன். சின்னான் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினார். அன்றோடு அவருக்கு வேலை போனது. திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் படி இறங்கும்போது அவர் கீழே காத்திருந்தார். ஓடிவிடலாமா என்று இருந்தது.

"பெரிய உபகாரமுங்க அம்மணி" என்றார். கை இரண்டையும் கூப்பியிருந்தார். "அந்த ஒரு வரி இருந்திருந்தா அம்மனுக்கு முன்னால போய் நிக்கவே முடியாதுங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. வழக்கு என்ன ஆனது என்று விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

நடு இரண்டு கிலோமீட்டரைப் பெயர்த்துவிட்டு மறுபடியும் போட்டோம். இந்தத் தடவை தினமும் லாரி மேல் ஏறி நானே கலவையை அள்ளிக்கொண்டு வந்தேன். உள்ளங்கை பொத்துப்போனது. பொறுப்பான பெண் என்று ஞானாபரணம் சார் எல்லோரிடமும் சொன்னார்.

பிப்ரவரியில் மறுபடியும் சாம்பல் புதன் வந்தது. போத்தனூர் மாதா கோயிலில் அம்மாவோடு வரிசையில் நின்றேன். செய்த பாவத்துக்கு வருந்துகிறவர்களின் நெற்றியில் பூச, சாம்பல் தட்டோடு சாமியார் நின்றிருந்தார். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அப்புறம் இரண்டு பேர். என்னால் நிற்க முடியவில்லை. வரிசையை விட்டு விலகி வெளியே வந்துவிட்டேன்.

பின்னாலேயே நெற்றியில் சாம்பலோடு வந்த அம்மா, "ஏண்டி வந்துட்டே?" என்று கேட்டாள்.

"உள்ளே ஒரே புழுக்கம்" என்றேன். அதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது.